நியூட்ரலும் இம்சையும்
2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபின், வயரிங் வேலைக்காரனான எனக்கு ஜெனரேட்டர் மாட்டுவதே பிழைப்பாயிற்று. "பிளக்கிலேயே சொருகி விடுங்கண்ணே" என்பார்கள். அப்படிச் செய்தால் ஜெனரேட்டரின் 230 வோல்ட், தெரு மின்மாற்றியில் பின்னோக்கி ஏறி 11,000 ஆகும். கம்பத்தில் பழுதுபார்த்து நிற்பவர் உயிர் போகும்.

கொல்ல நினைக்காதவனுக்குப் பாவம் உண்டா? எண்ணமே வினை என்கிறது பௌத்தம். கவனமின்மையால் உயிர் போனாலும் இம்சையே என்கிறது உமாஸ்வாதியின் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம். நான் சமணர் பக்கம்.

அதனால், ஜெனரேட்டர் ஓடும்போது தெருக்கம்பியிலிருந்து ஃபேஸோடு நியூட்ரலையும் துண்டிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுவேன். அப்போது ஜெனரேட்டரின் நியூட்ரல் தனித்துவிடும். அங்கேயே எர்த்தோடு இணைக்காவிட்டால், கசிவு நேர்ந்தாலும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி ட்ரிப் ஆகாமல் போகலாம். (இந்த வேலைக்குத்தான் கூலி கொடுக்க மூக்கால் அழுவார்கள்.) சேஞ்ச்ஓவர் வேண்டாம் என்கிற வீட்டுக்கு நான் இணைப்புக் கொடுப்பதில்லை.