வாடகை பாக்கி

மெக்ஸிகோவில் குவானஹுவாட்டோ என்று ஒரு மலை ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். மிட்டாய் கலரில் வீடுகள், மலைச் சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். ஒரு காலத்தில் ஆறு ஓடிய பாதாளப் பாதையில் இப்போது வண்டிகள் ஓடுகின்றன. 18-ம் நூற்றாண்டில் உலகத்துக்கே வெள்ளி எடுத்துக் கொடுத்த சுரங்க ஊர். ஓவியர் தியேகோ ரிவேரா 1886-ல் பிறந்தது இங்கேதான். 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல்கலைக்கழகம் இருப்பதால் எங்கு பார்த்தாலும் மாணவர்கள். ராத்திரியானால் பழங்கால ஸ்பானிய உடுப்பில் கிடார் வாசித்துக்கொண்டு சந்து சந்தாகப் பாடிப் போவார்கள். பின்னாலேயே ஒரு டூரிஸ்ட் கூட்டம்.

லீவுக்கு நண்பர்களோடு கிளம்பிப் போக இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. ஐந்து காலேஜ் நண்பர்கள் அப்படிப் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு வீட்டு பால்கனிகள் உரசிக்கொள்கிற 'முத்தச் சந்தில்' போட்டோ எடுத்தாயிற்று. அடுத்து மம்மி மியூசியம். நாலு பேர் டிக்கெட்டுக்கு க்யூவில் நிற்கிறார்கள். ஐந்தாவது பெண் மட்டும், "நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள்.

பயமெல்லாம் இல்லை. அவள் தயக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது.

இந்த மம்மிகள் எகிப்து ராஜாக்கள் இல்லை. யாரும் தைலம் பூசி, துணி சுற்றிப் பாதுகாக்கவில்லை. ஊர்க் கல்லறையில் சுவரை ஒட்டி அடுக்கடுக்காக மாடம் கட்டி, உடலை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். அந்த மலைக்காற்றின் வறட்சியில் சில உடல்கள் அழுகாமல் அப்படியே காய்ந்துபோயின. மாடத்தில் நிரந்தரமாக இருப்பதற்குக் கட்டணம் உண்டு. சொந்தக்காரர்கள் கட்டவில்லையா? உடலை வெளியே எடுத்துவிடுவார்கள். 1865-ல் முதலில் வெளியே வந்தவர் ரெமிஜியோ லெராய் என்கிற பிரெஞ்சு டாக்டர். அவருக்காகப் பணம் கட்ட ஊரில் ஒருவருமில்லை. அவருக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். 1958 வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது.

எடுத்த உடல்களை நிலவறையில் சாத்தி வைத்தார்கள். வேடிக்கை பார்க்க ஆள் வந்தது. காவல்காரர்கள் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். பிற்பாடு அதுவே நகராட்சி மியூசியமாகி, சில்லறை டிக்கெட்டாயிற்று. 1972-ல் முகமூடி மல்யுத்த வீரர்கள் இந்த மம்மிகளோடு கட்டிப்புரளும் சினிமா வந்து சக்கைப்போடு போட்டது. ஊர்க் கடைகளில் மம்மி உருவத்தில் மிட்டாய்கூட கிடைக்கும்.

குடியிருந்த மாடத்துக்கு வாடகை பாக்கி வைத்தவர்கள், இன்றைக்கு ஊருக்கே சம்பாதித்துப் போடுகிறார்கள். அந்தப் பாக்கி எத்தனை ஆயிரம் தடவை வசூலாகியிருக்கும்! ஆனாலும் அவர்களைக் குடிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

க்யூவில் நிற்கும் நாலு பேரும் சும்மா இருப்பார்களா?

"செத்தவனுக்கு என்ன தெரியப் போகுது?" என்கிறான் ஒருவன். தெரியாதுதான். அப்படியென்றால் உயிலை ஏன் மதிக்கிறோம்? சாகும்போது அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை ஏன் காப்பாற்றுகிறோம்? அவருக்கும்தான் தெரியப் போவதில்லை. கேட்க வரமாட்டார் என்று தெரிந்த ஒருவருக்குச் செய்வதில்தான் நம் யோக்கியதை தெரியும்.

"மெக்ஸிகோவில் சாவைப் பார்த்துச் சிரிப்பாங்க, இது நம்ம கல்ச்சர்" என்கிறாள் இன்னொருத்தி. நவம்பர் முதல் இரண்டு நாட்களில் கொண்டாடுகிற இறந்தோர் தினத்தைச் சொல்கிறாள். உண்மைதான். சர்க்கரையில் மண்டையோடு செய்து தின்பார்கள். ஆனால், அன்றைக்கு வீட்டில் இறந்தவர் போட்டோவை வைத்து, செண்டுமல்லி தூவி, அவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைத்து, பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது இறந்தவரோடு சேர்ந்து சிரிப்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் பேர் தெரியாமல் வாய் பிளந்து நிற்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

மூன்றாமவன் கெட்டிக்காரன். "பாரோ மன்னர் உடம்பைப் பார்க்கலாம், இது மட்டும் தப்பா?" நியாயமான கேள்வி. பாரோவும் சம்மதக் கையெழுத்துப் போடவில்லைதான். ஆனால், அவர் இன்ன வம்சம், இன்ன யுத்தம் ஜெயித்தார் என்று பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பார்க்கிறவர் மரியாதையோடு பார்க்கிறார். இங்கே உள்ள பலருக்கு அவர்கள் காய்ந்துபோன விதம் மட்டும்தான் வரலாறு.

நாலாமவன், "இதை நம்பித்தானே இங்க எத்தனையோ குடும்பம் சாப்பிடுது?" என்கிறான். இதற்கு மட்டும் சுலபமான பதில் கிடையாது. கைடு, மிட்டாய்க்காரர், ஹோட்டல்காரர் எல்லாருக்கும் பசிக்கும். ஆனால், பசியைக் காரணம் காட்டினால் மரியாதைக் குறைவு மரியாதையாகிவிடாது. 2024-ல் மியூசியத்தைச் சீர்படுத்தியபோது ஒரு மம்மியின் கை கழன்றுவிட்டது என்று மத்திய அரசின் தொல்லியல் நிறுவனம் குறைப்பட்டுக்கொண்டது. சம்பாதித்துப் போடுகிறவரைப் பார்த்துக்கொள்கிற லட்சணம் இது.

இதே ஊரில் தானியக் கிடங்கு ஒன்று இருக்கிறது. 1810-ல் விடுதலைப் போராளிகள் அடித்துப் பிடித்த கோட்டை மாதிரியான கட்டடம். அடுத்த வருஷமே தலைவர்கள் இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ் நாலு பேரையும் சுட்டுக் கொன்று, தலைகளைக் கூண்டில் போட்டு நாலு மூலையிலும் தொங்கவிட்டது ஸ்பானிய அரசு. பத்து வருஷம் தொங்கின. 1821-ல் விடுதலை வந்ததும் இறக்கினார்கள். இன்றைக்கு அவர்கள் இருப்பது தலைநகரில், சுதந்திரத் தூணின் அடியில்.

ஆக, இறந்த உடலைக் காட்சிக்கு வைப்பது அவமானம் என்று இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். அந்த நாலு பேருக்கும் சொந்தம் கொண்டாட ஒரு தேசமே வந்தது. மாடத்துக்குப் பணம் கட்ட முடியாதவருக்கு யாரும் வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? மியூசியத்தை இழுத்துப் பூட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஏழையாகச் செத்தால் என்ன நடந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஒவ்வொரு பெட்டிப் பக்கத்திலும், தெரிந்தால் பேரையும், எந்தக் கட்டணம் கட்டாததால் வெளியே வந்தார் என்பதையும் எழுதி வைக்கட்டும். குழந்தை உடல்களையாவது அடக்கம் செய்யட்டும். மிட்டாயை வேறு உருவத்தில் செய்யட்டும்.

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இழவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகும்போது எப்படிப் போவோம்? செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம் இல்லையா? அப்படிப் போவதானால் அந்த ஐந்தாவது பெண்ணும் தாராளமாக உள்ளே போகலாம். இறந்தவருக்கு அன்றைக்கு ஒருநாளாவது சொந்தக்காரர் வந்த மாதிரி இருக்கும்.