நாயின் மூச்சும் நமது கடமையும்



ஊரிலே நாய் வளவுக்கு உரியது. படலையைக் காத்தது, மிஞ்சிய சோற்றை உண்டது, விறாந்தையில் ஏறினால் விரட்டப்பட்டது. புலம்பெயர்ந்து லா சப்பலிலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் வாழும் எம்மவரின் வீடுகள் சிலவற்றில், இன்று அது வரவேற்பறையில் படுத்திருக்கின்றது. பெரும்பாலும் பிள்ளைகள் கேட்டு வந்த நாய் அது. வளவும் படலையும் இல்லாத மாடி வீட்டில் அது காவலுக்கு நிற்பதில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கின்றது. ஆகவே ஊரில் எழாத கேள்வியொன்று இங்கே எழுகின்றது. அந்த நாய் திடீரென்று மூச்சு நின்று விழுந்தால், அதன் மூக்கில் எமது வாயை வைத்து ஊதி உயிர் காக்க முயல்வது தகுமா? அது கருணையா, அல்லது வந்த நாட்டிலே பழகிக்கொண்ட மிகையா?

முதலில் இச்செயல் யாதென அறிந்துகொள்வோம். 2012ஆம் ஆண்டில் மிருக வைத்திய நிபுணர்கள் 'ரிக்கவர்' என்ற பெயரில் நாய், பூனைகளுக்கான உயிர்மீட்பு நெறிமுறைகளை வெளியிட்டனர். 2024இல் அவற்றைப் புதுப்பித்தனர். கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடக்கும் நாய்க்கே இது உரியது. நாயைப் பக்கவாட்டில் கிடத்தி, நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமிழுமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்கு ஒருமுறை அதன் வாயை இறுக மூடிப் பிடித்து, மூக்குத் துவாரங்களின் வழியாக 2 தடவை ஊத வேண்டும். இதற்கிடையில் இன்னொருவர் மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். 15 என்ற அவசர இலக்கம் மனிதருக்கானது. ஆதலால் மிருக வைத்தியரின் இலக்கம் முன்கூட்டியே வீட்டில் இருத்தல் அவசியம். இவ்வளவும் செய்தாலும் பலன் அரிது. மிருக வைத்தியசாலைக்குள்ளேயே இதயம் நின்ற நாய், பூனைகளில் பிழைத்து வீடு திரும்புபவை நூற்றுக்கு 6க்கும் குறைவு என்று 2012இல் அந்நிபுணர்கள் எடுத்துக்காட்டினர்.

இதற்கு எம்மவரிடம் மூன்று மறுப்புகள் உண்டு. மூன்றும் சிந்திக்கத் தக்கவை.

முதலாவது, ஆசாரம். நாய் தீண்டினால் குளிக்க வேண்டும் என்று வளர்ந்த பெரியோர் எம்மிடையே உளர். அவர்களை ஏளனம் செய்தல் ஆகாது. கோயிலுக்குச் செல்லுமுன் குளிப்பது நல்லொழுக்கம். ஆனால் குளித்தால் நீங்கிவிடும் ஒன்றுக்கு அஞ்சி, போனால் திரும்பாத உயிரை விட்டுவிடலாமா? நாயை வாகனமாகக் கொண்ட வைரவருக்கு வடைமாலை சாத்தி வழிபடுபவர்கள் நாம். திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், அந்தணரின் உணவைத் தீண்டியதால் அடிபட்டுச் சாகக் கிடக்கும் நாய் ஒன்று வருகின்றது. அதைப் பிழைக்க வைக்க இயலாதென அறிந்த சீவகன், அதன் செவியிலே மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, நன்றி மறவாமல் பின்னர் அவனுக்குத் துணை நிற்கின்றது. அது சமண காவியம். எனினும் தமிழர் அனைவரும் போற்றுவது. சீவகன் கணக்குப் பார்க்கவில்லை. தன்னால் கொடுக்கக் கூடியதைக் கொடுத்தான். நோய் தொற்றும் என்ற ஐயமிருந்தால் அது வேறு விடயம். அப்போது ஊதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தலாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. போரிலே தக்க வைத்தியம் கிடைக்காமல் உறவுகளை இழந்த சமூகம் நாம். 'மனிதருக்குக் கிடைக்காத மூச்சு நாய்க்கா?' என்று ஒரு முதியவர் கேட்டால், அக்கேள்விக்குள் இருப்பது துக்கம். மனிதனும் நாயும் ஒரே வேளையில் விழுந்தால் மனிதனுக்கே முதலிடம், அதில் ஐயமில்லை. ஆனால் நாய் மட்டும் விழுந்து கிடக்கும் வீட்டில், அதைக் கைவிடுவதால் எந்த மனித உயிரும் மீளப்போவதில்லை. இன்னொன்றையும் நினைக்க வேண்டும். மனிதரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையை 1960இல் உலகறியச் செய்தவர்கள், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாயின் நெஞ்சிலே மின்முனைகளை அழுத்தியபோது அதன் இரத்த அழுத்தம் உயர்ந்ததைக் கண்டதே அதற்கு வித்தாயிற்று. அன்று நாயிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எமது பிள்ளைகளையும் பெற்றோரையும் காக்கும் அறிவு அவ்வாறு வந்தது. நாய்க்கு மூச்சுக் கொடுப்பவர் அந்தக் கடனிலே ஒரு துளியைத் திருப்புகிறார்.

மூன்றாவது, வினை. 'காலம் வந்துவிட்டது, விட்டுவிடு' என்பர். எமது தாய் தந்தையர் மயங்கி விழும்போது நாம் அப்படிச் சொல்வதில்லை, வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். ஆகையால் இந்நியாயத்தை நாய்க்கு மட்டும் ஒதுக்குவது பொருந்தாது. எனினும் இதில் ஓர் உண்மை உண்டு. நீண்ட நோயால் நலிந்து முதுமையில் அடங்கும் நாயின் நெஞ்சை அழுத்துவது, விலா எலும்பை முறித்து வேதனையை நீட்டுவதாகலாம். அங்கே எம்மை நாமே கேட்க வேண்டும்: இதை நாய்க்காகச் செய்கிறோமா, எமது பிரிவுத் துயரைத் தள்ளிப்போடச் செய்கிறோமா? தீனி தொண்டையில் சிக்கி மூச்சு நின்ற இளநாய்க்கு ஒரு விடை. முதுநாய்க்கு வேறு விடை. பின்னையதை முன்கூட்டியே வைத்தியருடன் பேசித் தீர்மானிப்பது நன்று.

இவ்வளவும் எண்ணிப் பார்த்தால், கடமை எங்கே பிறக்கின்றது என்பது தெளிவாகும். அது அடைக்கலத்தில் பிறக்கின்றது. நாய் தானாக மாடி ஏறி வரவில்லை. நாமே கொண்டுவந்து கதவைப் பூட்டினோம். தன்னை நம்பிப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்தார் தருமர் என்று மகாபாரதம் சொல்வதன் பொருளும் இதுவே. பிரான்சின் சட்டமும் இத்திசையில் நடக்கின்றது. 2015இல் மிருகங்கள் உணர்வுள்ள உயிர்கள் எனக் குடியியற் சட்டக்கோவையில் எழுதப்பட்டது. 2022 அக்டோபர் முதல், நாய் வாங்குபவர் 7 நாட்களுக்கு முன்னரே அதன் தேவைகளை அறிந்து பொறுப்பேற்பதாகக் கையொப்பமிட வேண்டும்.

அடைக்கலம் கொடுத்தவரின் கடமை கடைசி நிமிடத்தில் தொடங்குவதன்று. சர்க்கரைப் புக்கையில் இடும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கறியிலுள்ள வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். சொக்லேற் இதயத்தைத் தாக்கும். கோடையில் பூட்டிய காருக்குள் விட்டால் சிறிது நேரத்திலேயே உயிர் போகும். பிரசாதத்தை அன்போடு நாய்க்கும் ஊட்டும் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லிக் கொடுப்பது, ஊதிக் காப்பதைவிடப் பல நாய்களைக் காக்கும்.

ஆகவே பிள்ளை நாய் கேட்கும் நாளிலேயே பெற்றோர் இதைப் பேசுவார்களாக. செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவி வகுப்புக்குக் குடும்பமாகச் சென்று, முதலில் மனிதரைக் காக்கும் முறையைக் கற்பார்களாக. நாய்க்கான முறையைத் தமது மிருக வைத்தியரிடம் கேட்டறிவார்களாக. நாய் பிழைக்காமற் போகலாம். தன்னை நம்பியிருந்த உயிரைப் பெற்றோர் கைவிடவில்லை என்பதைப் பிள்ளை பார்த்திருக்கும். முதுமையில் எம்மைப் பார்க்கப் போவதும் அந்தப் பிள்ளைதான்.