பெறுபவரிடம் கேட்டுக் கொடுப்பது

தானத்தைப் பற்றி நமது சாஸ்திரங்கள் பெரும்பாலும் கொடுப்பவரை நோக்கியே பேசுகின்றன. எந்த மனநிலையில், எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எத்தகையவருக்குக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவை ஆராய்கின்றன. பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தைச் சாத்விகம், ராஜஸம், தாமஸம் என மூன்றாகப் பிரிப்பதும் கொடுப்பவரின் மனத்தை அளவுகோலாகக் கொண்டே. பெறுபவரை அவமதிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அங்கு உண்டு. ஆயினும் அந்த எச்சரிக்கையும் கொடுப்பவருக்கே உரியது. உபதேசம் சாதகனுக்காக அமைந்தது என்பதால் இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் பெறுபவருக்கு அந்தச் செயலில் என்ன இடம்? அவர் வெறுமனே கையேந்தி நிற்பவர்தானா? 1951-ஆம் ஆண்டு ஹைதராபாத்திற்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. அந்த விடை எவ்வளவு விரைவில் மறக்கப்பட்டது என்பதும் சிந்திக்கத் தக்கது.

அந்நாளில் தெலங்கானா கொந்தளித்துக் கொண்டிருந்தது. பெரும் நிலவுடைமையாளர்களுக்கு எதிராக 1946-இல் மூண்ட விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் இன்னும் முழுமையாக ஓயவில்லை. 1948-இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பின்னரும் கிராமங்களில் அச்சமே ஆட்சி செய்தது. இச்சூழ்நிலையில் சிவராம்பள்ளியில் நடைபெற்ற சர்வோதய மாநாட்டிற்காக ஆச்சார்ய வினோபா பாவே, வார்தாவை அடுத்த பவனாரிலிருந்து ஏறத்தாழ 300 மைல் நடந்தே வந்து சேர்ந்தார். மாநாடு முடிந்ததும் கலவரப் பகுதிகளின் வழியே தமது பாதயாத்திரையைத் தொடர்ந்தார். ஏப்ரல் 18-ஆம் நாள் நல்கொண்டா மாவட்டத்தில் இருந்த போச்சம்பள்ளியை அடைந்தார்.

அங்கு தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நாற்பது குடும்பத்தினர் அவரைச் சந்தித்தனர். உழைக்க நிலமில்லை என்பதே அவர்களது குறை. எவ்வளவு நிலம் தேவை என்று வினோபா கேட்டார். 80 ஏக்கர் போதும் என்றனர். குடும்பத்திற்கு இரண்டு ஏக்கர்! தங்கள் உழைப்பின் எல்லையை அறிந்து, கணக்கிட்டுச் சொல்லப்பட்ட பதில் அது. யாசிப்பவர் பொதுவாக அளவு சொல்வதில்லை; கிடைத்ததைப் பெற்றுச் செல்வார். இவர்கள் அளவு சொன்னார்கள். அரசாங்கத்திற்கு எழுதலாம் என்று நினைத்த வினோபா, கூடியிருந்த ஊராரிடமே உங்களில் எவரேனும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது.

இதை ஐயத்துடன் நோக்கியவர்களும் உண்டு. உழுபவனுக்கு நியாயமாகச் சேர வேண்டிய நிலத்தைத் தானம் என்ற பெயரில் கொடுப்பது அநீதிக்குப் பட்டாடை போர்த்துவது ஆகாதா என்று அவர்கள் கேட்டனர். ஆயுதத்திற்கு அஞ்சிக் கொடுத்தவரின் செயலைத் தர்மம் என்று சொல்லலாமா என்றும் கேட்டனர். இரண்டும் புறக்கணிக்க முடியாத கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது எளிது. கொடுத்தவரின் உள்நோக்கம் அவரது ஆன்மிகக் கணக்கைச் சேர்ந்தது. நிலத்தில் இறங்கும் உழவனுக்கு அதனால் விளைச்சல் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

முதல் கேள்விக்கு வினோபாவே விடை தந்திருக்கிறார். தானம் என்ற சொல்லுக்குப் பிச்சை என்று அவர் பொருள் கொள்ளவில்லை. கீதையின் பதினாறாம் அத்தியாயத்திற்கான பாஷ்யத்தில் ஸ்ரீசங்கரர் தானத்தை ‘இயன்ற அளவு பகிர்ந்து கொள்ளுதல்’ என்ற பொருளில் விளக்குகிறார். வினோபா பற்றிக் கொண்டது அந்த விளக்கத்தையே. ஐந்து மகன்கள் உள்ள வீட்டில் தம்மை ஆறாவது மகனாக ஏற்று, நிலத்தில் ஆறில் ஒரு பங்கை ஏழைகளுக்காகத் தரவேண்டும் என்று அவர் கேட்டார். மகன் வேண்டுவது தனது பாகத்தை. அதில் யாசகத்திற்கு இடமேது?

தமிழருக்கு இந்தக் கருத்து புதிதல்ல. திருக்குறளில் ஈகை அதிகாரத்திற்கு முன்பாகவே ஒப்புரவறிதல் வைக்கப்பட்டுள்ளது. ஒப்புரவுக்கு வள்ளுவர் காட்டும் உவமைகளில் ஒன்று ஊருணி. ஊருணியில் நீர் முகக்க வருபவள் யாருக்கும் கடன்பட்டவளாவதில்லை. அவள் ஊராள் என்பதே போதும். ஈகையைவிட ஒப்புரவு உயர்ந்தது என்று வள்ளுவர் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆனால் அதிகார வரிசையைக் கவனிப்பவர்களுக்கு அப்படித் தோன்றினால் அது தவறாகாது.

போச்சம்பள்ளிக்குப் பின் தெலங்கானாவில் ஏழு வாரங்களில் 12,000 ஏக்கருக்கு மேல் கிடைத்தது. உற்சாகம் நாடெங்கும் பரவியது. 1957-க்குள் ஐந்து கோடி ஏக்கர் என்று இலக்கு வகுக்கப்பட்டது. சறுக்கல் தொடங்கியது இங்கேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. முதல் நாளில் பெறுபவர் முன்னால் நின்றார், எண் அவரது வாயிலிருந்து வந்தது. பின்னர் எண் முன்னால் வந்தது. பெறுபவர் பிறகு தேடிக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவரானார். நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் வாக்களிக்கப்பட்டது. ஆயினும் அதில் பாறையும் உவரும் வழக்கில் சிக்கியதும் ஏராளம். பெரும் பகுதி பல ஆண்டுகள் சென்றும் விநியோகிக்கப்படவே இல்லை. பிற்காலத்தில் ஹைதராபாத் நகரம் விரிந்து நிலவிலை ஏறியபோது, சுற்றுப்புறப் பூதான நிலங்கள் ஆக்கிரமிப்புக்கும் வழக்குக்கும் உள்ளாயின.

இந்த அனுபவத்தை நன்கு உணர்ந்தவர்கள் தமிழகத்தில் இருந்தனர். பூதான இயக்கத்தில் பல்லாண்டுகள் உழைத்த ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியரே அவர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அப்பகுதியையே அவர்கள் தங்கள் களமாக்கிக் கொண்டனர். 1981-இல் ‘உழுபவனின் நில உரிமை இயக்கம்’ தொடங்கப்பட்டது. நிலவுடைமையாளருடன் பேசி நியாயமான விலைக்கு நிலத்தை வாங்கி, கடன் ஏற்பாடு செய்து, குடும்பத்திற்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறு நிலம் பெற்றன. நன்கொடையாக வந்த நிலத்தைவிட, கடனைத் தன் உழைப்பால் அடைத்துப் பத்திரத்தில் தன் பெயரைக் கண்ட பெண்ணின் நிலம் உறுதியாக நின்றது. 2008-இல் இத்தம்பதியருக்கு ஸ்வீடன் நாட்டின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டது.

நிலமும் பணமும் இல்லாதவரால் என்ன கொடுக்க முடியும்? இலங்கையில் 2024-இல் மறைந்த ஏ. டி. ஆரியரத்ன, 1958-இல் இளம் ஆசிரியராக இருந்தபோது தமது மாணவர்களைக் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்திற்கு அழைத்துச் சென்று, ஊராருடன் சேர்ந்து வேலை செய்ய வைத்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தின் பெயர் சர்வோதய சிரமதானம். சிரமம் என்றால் உழைப்பு. சாலை யாருக்குத் தேவையோ அவரும் மண்வெட்டி பிடிப்பார்.

மீண்டும் தெலங்கானாவுக்கு வருவோம். ஹைதராபாத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், ஜஹீராபாத்தை அடுத்து, பஸ்தாபூர் உள்ளது. 1983-இல் தொடங்கிய டெக்கான் வளர்ச்சிச் சங்கம் அப்பகுதிக் கிராமங்களில் ஏழைப் பெண்களின், குறிப்பாகத் தலித் பெண்களின், சங்கங்களை அமைத்தது. அதன் நிறுவனர்களுள் முக்கியமானவரான பி. வி. சதீஷ் 2023-இல் மறைந்தார். ரேஷன் கடை அரிசியைக் கொண்டு வந்தது. செம்மண் தரிசில் சோளமும் பிற சிறுதானியங்களும் குறைந்து கொண்டே போயின. தரிசு நிலத்தைத் திருத்தப் பெண்களுக்குக் கடன் தரப்பட்டது. அதை அவர்கள் சோளமாகவே தங்கள் ஊரின் தானிய நிதிக்குத் திருப்பி அளந்தனர். அந்தச் சோளம், வேலை கிடைக்காத மழைக்கால மாதங்களில், அவ்வூர் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்டது.

ஏழை யார் என்று தீர்மானித்தவர்கள் அதிகாரிகள் அல்லர். ஊரார் கூடி, தாங்களே வகுத்த அளவுகோல்களைக் கொண்டு, ஒவ்வொரு வீட்டின் நிலையையும் எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவு செய்தனர். தன் ஏழ்மை பலர் முன் பேசப்படுவது கூச்சம் தராதா என்று நகரத்து மனம் கேட்கக்கூடும். அங்கு அளப்பவளும் வாங்குபவளும் ஒரே தெருவினர். இந்த ஆண்டு வாங்கியவள் சில ஆண்டுகளில் அளப்பவளாகலாம்.

விதையிலும் இதே முறைதான். விதை வேண்டுபவள் சங்கத்துப் பெண்ணிடம் பெற்றுச் செல்வாள். அறுவடையானதும் பெற்றதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவாள்; அந்த விதை இன்னொருத்தியின் நிலத்திற்குப் போகும். ஆண்டுதோறும் சங்கராந்தியையொட்டி இப்பெண்கள் தங்கள் பாரம்பரிய விதைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டு செல்லும் விழாவையும் நடத்தி வந்தனர். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ‘ஈக்வேட்டர்’ பரிசு இச்சங்கத்திற்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் பிறர் வயலில் கூலிக்கு நின்றவர்களின் வீடுகளில் விதைக்கூடைகள் சாணமிட்டு மெழுகி, சாம்பலும் வேப்பிலையும் கலந்து வைக்கப்பட்டிருந்தன. நிலமுள்ள விவசாயியும் விதைக்காக அவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்.