அலகையின் குறி யார்மேல்?



‘எக்ஸார்சிஸ்ட்’ என்னும் பேய்ப்படம் 1973 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அன்று திரையரங்கில் நடுங்கியவர்கள் பின்னர் வீடியோ நாடாவிலும் டி.வி.டி.யிலும் வீட்டிலிருந்தபடியே அதை மறுபடி பார்த்தனர். அவ்விதம் மீண்டும் பார்க்கையில், சுழலும் தலையும் பச்சை வாந்தியும் முன்போல் நம்மை மிரட்டுவதில்லை. அச்சத்தில் கவனிக்கத் தவறியவை அப்போது கண்ணில் படுகின்றன.

அந்தத் தாய் தன் மகளை முதலில் கொண்டுசென்றது குருவானவரிடமல்ல, வைத்தியர்களிடம். பரிசோதனைக்குமேல் பரிசோதனை நடக்கிறது. மனநல வைத்தியமும் கற்ற இயேசு சபைக் குருவான கராஸ், இது பேய்தான் என்று எடுத்த எடுப்பில் ஒப்புவதில்லை.

பேயோட்டும் சடங்கின் நடுவே, களைத்துப்போன இரு குருக்கள் படிக்கட்டில் அமர்ந்து பேசும் சிறு காட்சியொன்று உண்டு. 1973இல் வெட்டப்பட்ட அக்காட்சி 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஏன் இந்தச் சிறுமியை என்று கராஸ் கேட்கிறார். நம்மை நம்பிக்கையிழக்கச் செய்யவே. கடவுள் நம்மை நேசிக்கக்கூடும் என்பதையே மறுக்கச் செய்யவே என்பது முதிய குருவின் பதில். அப்படியானால், அலகையின் குறி கட்டிலில் கிடப்பவள்மீதல்ல, சுற்றி நிற்பவர்கள்மீது!

இதை நம் லயத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்த பெண் இரவில் வலிப்புக் கண்டு விழுகிறாள். அல்லது தனியே பேசுகிறாள். கோடாங்கி வருகிறார், உடுக்கை ஒலிக்கிறது, வேப்பங்குழை அவள்மேல் விழுகிறது. காம்பரா வாசலில் லயமே கூடுகிறது. இன்று கைத்தொலைபேசியில் படமும் பிடிக்கின்றனர். அவள் மானம் காற்றில் பறக்கிறது. இங்கே பேய் பிடித்திருப்பது யாரை?

அலகை இல்லையென்று சொல்கிறோமா? இல்லை, உண்டு என்பதே திருச்சபையின் போதனை. ஆனால் எளிதில் நம்பிவிடாதே என்று 1614ஆம் ஆண்டுச் சடங்குநூலே குருவை எச்சரித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் இலக்கமோ, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டலாகாது என்கிறது.

அனுமதி மட்டும் போதுமா? ஜெர்மனியில் அன்னெலீஸ் மிஷெல் என்ற கல்லூரி மாணவிக்கு வலிப்பு நோய் இருந்தது. ஆயரின் அனுமதியோடு அவளுக்கு 67 முறை பேயோட்டும் சடங்கு நடந்தது. 1976 ஜூலையில், உணவின்றி மெலிந்து, தன் 23ஆம் வயதில் அவள் இறந்தாள். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரு குருக்களையும் குற்றவாளிகளாகக் கண்டது. அங்கே செபம் இருந்தது, பாசமும் இருந்தது. வைத்தியம் மட்டும் கைவிடப்பட்டது.

ஆகவே பெற்றோரே, உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் முதலில் வாசலில் கூடும் கூட்டத்தை அனுப்பிவிடுங்கள். பிள்ளையைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ, டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளுக்கோ கொண்டுசெல்லுங்கள். செபிக்கக் குருவானவரையும் அழையுங்கள். மருந்தும் செபமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கெரசேனர் நாட்டில் பேய் பிடித்தவனை ஊரார் சங்கிலியால் கட்டினார்கள். ஆண்டவரோ அவனைக் குணமாக்கி, அவனுடைய வீட்டாரிடமே அனுப்பினார். அவன் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. நம் பிள்ளைக்கும் அது இருக்கட்டும்.