ருவன்வெல்ல இடாப்பில் ஒரு பெயர்

இலங்கையின் கேகாலை மாவட்டம், ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார் இந்திய வம்சாவளித் தமிழரான கோடாக்கன்பிள்ளை. பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்று உதவிப் பதிவு உத்தியோகத்தர் முதநாயக்க மறுத்துவிட்டார். விஷயம் இடாப்பைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரத்திடம் போனது. இந்த ஆள் பிரஜையா இல்லையா என்று பார்த்துவிட்டு அவர் கோப்பை மூடியிருக்கலாம். அவரோ சட்டத்தையே எடுத்து வைத்துப் பார்த்தார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்கைப் பிரஜைகளுக்கென்று ஒதுக்கிய 1949ஆம் ஆண்டுச் சட்டமும் நாட்டின் அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகின்றன, ஆகவே செல்லா என்றார்.

இடாப்புத் திருத்துகிறவருக்கு இது வேலையா? கேட்க வேண்டிய கேள்விதான். ஒவ்வொரு கந்தோரிலும் இருப்பவர் தனக்குப் பிடிக்காத சட்டத்தைத் தள்ளிவைத்தால், இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களுக்குச் சாதகமான சட்டத்தையும் நாளைக்கு இன்னொருவர் தள்ளிவைப்பார். ஆனால் சிவஞானசுந்தரம் தன் விருப்பத்தைக் கொண்டு அளக்கவில்லை. ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை போடும் சட்டம் செல்லாது என்று 29ஆம் பிரிவே சொல்லிவைத்திருந்தது. செல்லாக்காசு என்று தெரிந்த பிறகு கல்லாவில் இருப்பவர் அதை வாங்கிப் போடலாமா?

உயர்நீதிமன்றம் 1951இல் அவருடைய முடிவை இரத்துச் செய்தது. சட்டத்தின் சொல் தெளிவாக இருக்கையில் பின்னாலிருந்த நோக்கத்தைத் துருவக் கூடாதாம். 1953இல், அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் கோமறைக் கழகமும் அந்த முடிவையே உறுதி செய்தது: தன் பிரஜை யார் என்று வரையறுப்பது எந்த நாட்டுக்கும் உள்ள அதிகாரம்.

அது உண்மை. சட்டத்தில் 'தமிழர்' என்றோ 'தோட்டம்' என்றோ ஒரு சொல்லும் இல்லை என்பதும் உண்மை. உன் தகப்பன் இங்கே பிறந்தவரா என்று அந்தச் சட்டம் கேட்டது எல்லோருக்கும் பொதுவான கேள்விதான். ஆனால் கிராமத்துச் சிங்கள விவசாயியின் வாசலில் அந்தக் கேள்வியோடு யாரும் போய் நிற்கவில்லை. லயத்துக் காம்பராவில் இருந்தவர்தான் தகப்பனின் பிறப்புப் பத்திரத்துக்காகத் தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேட வேண்டியிருந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை வைக்க அனுமதி பெற வேண்டும் என்ற நகர விதியிலும் 'சீனர்' என்ற சொல் கிடையாது. அனுமதி மறுக்கப்படுவது சீனருக்குத்தான் என்று கண்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886இலேயே அதைத் தவறென்றது. அது ஒரு விதியை நடத்திய முறை பற்றிய வழக்கு, இது சட்டத்தையே பற்றியது, வித்தியாசம் உண்டு. என்றாலும், அடி யார் மேல் விழுகிறது என்று பார்க்கும் கண் இரண்டுக்கும் ஒன்றுதான். மேலிருந்த இரண்டு மன்றங்களும் அந்தக் கண்ணை மூடிக்கொண்டன. 29ஆம் பிரிவை முழுக்க வாசித்தவர் இடாப்பு திருத்திய அதிகாரி ஒருவரே.

பிரஜாவுரிமை இன்றி எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்கு அதை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் வந்தது, லண்டன் தீர்ப்புக்கு 50 வருஷம் கழித்து.