புயலும் தவக்குலும்



ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நாகூர் முதல் காயல்பட்டினம் வரை நம் கடற்கரை ஊர்களில் புயல் பேச்சும் எழுந்துவிடும். வெளியேறுங்கள் என்று அரசு அறிவித்த பிறகும், "அல்லாஹ் நாடியதுதான் நடக்கும், எங்கும் போகவேண்டாம்" என்று இருந்துவிடும் வீடுகள் உண்டு. அவன் நாடியதே நடக்கும் என்பது நம் ஈமான். ஆனால் அதைச் சொல்லி வெள்ளம் வரும் வீட்டில் உட்கார்ந்திருப்பது தவக்குல் ஆகுமா?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக திர்மிதீயில் வருகிறது. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதறிந்து உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீஃபாவின் பதில். அவ்வாறே, முகாமுக்குச் செல்லும் பாதையும் அவன் விதித்ததே.

குடும்பத் தலைவர்களே! 1991 ஏப்ரல் 29 இரவு பங்களாதேஷின் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அந்நிய ஆண்கள் கூடும் இடத்துக்கு எப்படிப் போவது என்ற கூச்சமும், கணவர் வரட்டும் என்ற காத்திருப்பும் அதற்குரிய காரணங்களில் சில. கோஷா மானத்தைக் காக்க வந்தது. உயிரை வாங்க வந்ததன்று. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று.

ஆகவே கடலிலோ வெளிநாட்டிலோ இருக்கும் கணவர், "எச்சரிக்கை வந்தால் என் அனுமதிக்குக் காத்திராதே, பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு புறப்படு" என்று மனைவியிடம் இன்றே சொல்லிவைக்கட்டும். ஜமாஅத்தார் உறுதியான மாடிக் கட்டடம் ஒன்றில் பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பிடமும் ஏற்பாடு செய்யட்டும்.

காற்றைவிடக் கொடியது கடல் பெருகி ஊருக்குள் நுழைவது. தாழ்வான பகுதியில் இருப்போர் பகலிலேயே கிளம்பிவிட வேண்டும். குடிநீர், அவல், மருந்து, டார்ச் விளக்கு ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். குடும்ப அட்டை, பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம் ஆகியவை பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையேல் மோட்டாரும் இல்லை, தண்ணீரும் இல்லை. காற்று திடீரென்று அடங்கினால் வெளியே வந்துவிடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் சீறும்.

கடும் மழையில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்க ஹதீஸில் ஆதாரம் உண்டு. எனவே பள்ளிக்குச் செல்ல உயிரைப் பணயம் வைக்கவேண்டாம். காற்றை ஏசாமல், அதன் நன்மையைக் கேட்டு, அதன் தீங்கிலிருந்து காவல் தேடுங்கள். புறப்படுமுன் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அங்கிருப்பவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டார் என்ற உரிமை அவருக்கு உண்டு.

வல்ல நாயன் நம் கரைகளையும் கடலில் உழைப்போரையும் காத்தருள்வானாக! ஆமீன்.