பிறர் மனதில் நம் குரல்



கம்ப்யூட்டரில் படமும் எழுத்துமாக ஓடி, இடையிடையே வாசிப்பவனே பதிலைத் தெரிந்தெடுக்க வேண்டிய கதைகள் உண்டு. அவற்றுள் ஒன்று, நிகிதா கிரியூகோவ் என்னும் ரஷ்யர் 2020-ல் வெளியிட்ட சிறு திகில் கதை. ஒரு பெண் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரவேண்டும்; அவ்வளவே. ஆனால் அவள் மனம் நோயுற்றது. மனிதர் அவள் கண்ணுக்குக் கோர உருவமாய்த் தெரிகிறார்கள். வாசிப்பவனோ அவள் தலைக்குள் பேசும் குரல். அவளைத் தேற்றவும் அவனால் கூடும், ஏசவும் கூடும்.

அப்பெண் நம் கோவைத் தெருக்களிலும் நடக்கிறாள். அவள் துன்பத்தில் நமக்குப் பங்குண்டா?

சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழு சம்மதமும் வேண்டுமென்பது திருச்சபையின் போதனை. நோயோ ஒருவர் சம்மதித்து ஏற்பதல்ல. ஆகையால் அது பாவமல்ல. ஆனால் "கிறுக்கு", "பேய் பிடித்தவள்" என்று ஏசுகிற நாம் அறிந்தே, சம்மதித்தே ஏசுகிறோம். அச்சொல் செவியோடு நிற்பதில்லை. இரவெல்லாம் அவள் உள்ளே பேசும்.

ஏச்சு முற்றினால் சங்கிலியாகும். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியிட்டு வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். ஜெரசேனர் நாட்டில் ஊரார் சங்கிலியால் கட்டிய மனிதனையோ சேசுநாதர் சுகப்படுத்தி, அவன் வீட்டாரிடமே அனுப்பினார் (மாற்கு 5).

ஆதலால் அப்படிப்பட்டவரிடம் பட்சமாய்ப் பேசுங்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். செபமும் செய்யுங்கள், ஆனால் செபத்தின் பேரைச் சொல்லி மருந்தை நிறுத்தாதீர்கள்.